புகையை விடுபவரின் மூன்றாம் நாள்



சுருட்டையோ பீடியையோ சிகரெற்றையோ விட்டுவிடுவதாக உறுதி செய்த ஒருவர், மூன்றாம் நாள் மாலை மீண்டும் நெருப்புப்பெட்டியைத் தேடுவாராயின், "மனவுறுதியற்றவர்" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அவரும் அதனை ஒப்புக்கொண்டு, இனி முயல்வதிற் பயனில்லை என அமைந்துவிடுகின்றார். இத்தீர்ப்பு நியாயமானதன்று என்பதே என் கட்சி.

புகையிலையிலுள்ள நிக்கொற்றின் என்னும் பொருளை 1828ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடில்பேர்க் நகரில் இருவர் முதன்முதலிற் பிரித்தெடுத்தனர். உள்ளிழுத்த புகையுடன் இது சில விநாடிகளுள் மூளையை அடைந்து, இன்பவுணர்ச்சியைத் தூண்டும் இரசாயனப் பொருள்களைச் சுரக்கச் செய்கின்றது. நாள்தோறும் பலமுறை இவ்வாறு நிகழவே, நிக்கொற்றினை ஏற்கும் வாயில்கள் மூளையிற் பெருகிவிடுகின்றன. இரத்தத்திலுள்ள நிக்கொற்றினோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், அமைதியின்மை, உறக்கக்கேடு, மிகுபசி, எதிலும் மனம் பதியாமை என்பன தோன்றும். புகைத்தால் மனம் அமைதியடைகின்றது என்பார் கூற்றிலுள்ள மயக்கம் இதுவே. முந்திய சிகரெற்று உண்டாக்கிய குறையைப் பிந்தியது தீர்க்கின்றது. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குவதை நாம் செல்வம் என்பதில்லை.

இத்தொல்லை முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு வாரங்களிற் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆதலின் மூன்றாம் நாளிற் தோற்றவர், ஏற்றம் முழுவதையும் ஏறிவிட்டு, இறக்கம் தொடங்குமிடத்தில் திரும்பியவராவர். இதனை அவருக்கு முன்னரே எவரும் சொல்லிவைக்கவில்லை.

வேட்கை எழும்போது அது சில நிமிடங்களே நிற்கும். அந்நேரத்திற் தண்ணீர் அருந்தலாம். எழுந்து சிறிது நடக்கலாம். தேநீருடன் புகைத்துப் பழகியவர் சில வாரங்களுக்குத் தேநீர் அருந்தும் இடத்தையாவது மாற்றிக்கொள்ளல் நன்று. (பாடசாலைக் கிணற்றடிக்குப் பின்னால் இடைவேளையிற் கூடும் ஆசிரியர் சிலருக்கு இது நன்கு விளங்கும்.) கோப்பி மிகுதியாக அருந்துவோர் அதனைக் குறைக்க வேண்டும். புகைப்பவர் உடல் கோப்பியின் சத்தை விரைவாகக் கழித்துவிடும். புகையை விட்டபின் அது நெடுநேரம் தங்கி, படபடப்பை உண்டாக்கும்.

நிக்கொற்றின் கலந்த மெல்லும் பசையும் தோலில் ஒட்டும் பட்டையும் வைத்தியர் ஆலோசனையுடன் பெரிதும் துணைசெய்வன. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இவற்றை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. பசையை இடைவிடாது மெல்லலாகாது. சிறிது மென்று கன்னத்தில் அடக்கிவைத்தல் வேண்டும். வெற்றிலையோடு புகையிலையை அடக்கும் நம் பெரியோருக்கு அம்முறையைக் கற்பிக்க வேண்டியதில்லை! ஆயின், வாய்ப்புகையிலை சுருட்டுக்கு மாற்றாகாது. அது வாய்ப்புற்றுநோயைத் தருவது.

புகையிலைத் தோட்டத்து வருவாயாற் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் வடபகுதியிற் பல. அந்நன்றியினாலோ என்னவோ, சுருட்டைத் தீங்கென்று சொல்ல நம் நா கூசுகின்றது. 1950ஆம் ஆண்டில் றிச்சட் டொல் என்னும் ஆங்கில வைத்தியர், பிராட்போட் ஹில் என்பாருடன் சேர்ந்து புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை வெளியிட்டார். அவரும் புகைத்தவரே, ஆய்வின் முடிவு தெளிவாகிவருகையில் தாமும் விட்டுவிட்டார்.

வீட்டாருக்கு ஒரு சொல். அந்த முதல் வாரத்துச் சிடுசிடுப்பு உங்கள்மேற் கொண்ட வெறுப்பன்று. இடையில் அவர் ஒன்றைப் புகைத்துவிட்டாராயின் பழைய தோல்விகளை எண்ணிக்காட்டாதீர்கள். நிலையாக விட்டவர்களுட் பலர் ஒருமுறைக்கு மேல் முயன்றவர்களே. எந்த வேளையில், யாருடன் இருக்கையில், எதன் பின்னர் அது நேர்ந்தது என்று மட்டும் கேட்டறியுங்கள். மறுநாள் அந்த வேளைக்கு வேறொரு வேலையை ஒழுங்குசெய்ய அது உதவும்.