எஞ்சின் மிஞ்சியது, ஷெட் மறைந்தது: பழைய ரயில் படங்களை வாசிப்பது எப்படி?

மைசூரு: தேவராஜ மொஹல்லாவை ஒட்டி, ரயில் நிலையத்துக்கு அருகே 1979-இல் தொடங்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் நீராவி எஞ்சின்களை நேரில் காணலாம். ஆனால், அவற்றை நாள்தோறும் ஓடவைத்த லோகோ ஷெட்டின் பரபரப்பை அங்கு கொண்டுவர இயலாது. அதற்குப் பெரும்பாலும் பழைய புகைப்படங்களே சான்று.

நீராவி எஞ்சினை நினைத்தவுடன் இயக்க முடியாது. பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். பயணம் முடிந்ததும் சாம்பலைக் குழியில் தள்ளி, நிலக்கரியும் நீரும் நிரப்பி, சுழல்மேடையில் வைத்துத் திசை திருப்ப வேண்டும். டீசல் வந்ததும் இவை யாவும் தேவையற்றுப் போயின. பல ஊர்களில் ஷெட்டுகள் இடிக்கப்பட்டன.

கடலோர நாகப்பட்டினம் ரயில் பணிமனையையே இழந்தது. தென்னிந்திய ரயில்வேயின் அந்தப் பணிமனை 1928-இல் திருச்சி பொன்மலைக்கு மாற்றப்பட்டது. இத்தகைய ஊர்களின் படங்களில் தேதி இல்லாவிட்டாலும் தடயங்கள் உண்டு. 'ஒய்பி' வகை மீட்டர்கேஜ் எஞ்சின் தெரிந்தால், அந்தப் படம் 1949-க்கு முந்தையது அல்ல. எஞ்சின் எண்ணும், அதன்மீது எழுதப்பட்ட ஷெட்டின் பெயரும் ஊரை அறிய உதவும்.

படத்தில் நிற்கும் ஃபயர்மேன்களையும் கலாசிகளையும் அடையாளம் காட்டத்தான் எந்தத் தடயமும் இருப்பதில்லை. ரயில்வே குடும்பங்களின் பெட்டிகளில் உள்ள படங்களின் பின்புறம் ஊர், ஆண்டு, பெயர்களைப் பென்சிலால் குறித்துவைக்கலாம்; அதற்கு, அவர்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.