மூஞ்சூறும் எலியும் சுமக்கும் கிருமி



மூஞ்சூறு ஓடாத லயம் உண்டா? இருட்டினால் போதும், சுவர் ஓரமாகக் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும். பிள்ளையார் வாகனம் என்று நம் பெரியவர்கள் அதை அடிக்கவும் மாட்டார்கள். அந்தச் சின்னப் பிராணியால் தமிழ்நாட்டு இடப்பெயர் ஒன்று உலக வைத்தியப் புத்தகங்களில் ஏறியிருக்கிறது.

1964-ஆம் ஆண்டு வேலூரில், தோட்டப்பாளையம் என்ற பகுதியில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றின் உடலில் புதிய வைரஸ் கிருமி இருந்தது. இடத்தின் பெயரையே வைத்துத் 'தோட்டப்பாளையம் வைரஸ்' என்றார்கள். பூச்சி கடித்துப் பரவும் கிருமியாக இருக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். அது ஹந்தா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஹந்தா என்றால் என்ன? 1950-53 கொரியப் போரில் 3,000-க்கும் அதிகமான ஐ.நா. படைவீரர்கள் கடுங்காய்ச்சலும் சிறுநீரகக் கோளாறும் கண்டு படுத்தார்கள். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. 1976-இல் லீ ஹோ வாங் என்ற கொரிய டாக்டர், அந்தக் கிருமி வயல் எலியிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஹந்தான் என்பது அங்கே ஓடும் ஆற்றின் பெயர்.

இந்தக் கிருமிகள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பிராணி உண்டு. அந்தப் பிராணி எதுவரை போகிறதோ, கிருமியும் அதுவரை போகும். கொரிய வயல் எலி தன் வயலோடு நின்றுவிட்டது. சாக்கடை எலியோ கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போனது. சியோல் வைரஸ் என்ற கிருமியும் கூடவே போனது. தோட்டப்பாளையம் வைரஸ் நேப்பாளம், சீனா வரை மூஞ்சூறுகளிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. அதனால் மனிதருக்குப் பெரிய நோய் வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆகவே மூஞ்சூறைக் கண்டு அலற வேண்டாம். எலி விஷயத்தில்தான் கவனம் தேவை.

எலியின் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியாகும். பூட்டிக் கிடந்த உர ஸ்டோரைத் திறந்து விளக்குமாற்றால் பரபரவென்று கூட்டினால் அந்தத் தூசி மூக்கில் ஏறும். ஹந்தா கிருமி பெரும்பாலும் தொற்றுவது இப்படித்தான். ஆளுக்கு ஆள் தொற்றுவது தென் அமெரிக்காவில் உள்ள ஒரு வகைதான்.

செய்ய வேண்டியவை:

1. ஸ்டோரைத் திறந்ததும் உள்ளே போகாதீர்கள். கதவு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள்.

2. புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். ஒரு பங்கு குளோரக்ஸ், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். கையுறை போடுங்கள்.

3. அரிசி, பருப்பை மூடியுள்ள டின்னில் வையுங்கள். மிச்சச் சோற்றை லயத்துப் பின்னால் கொட்டாதீர்கள்.

4. செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, கண் சிவப்பு, மூத்திரம் குறைவது – இவை ஹந்தாவிலும் வரும், எலிக்காய்ச்சலிலும் வரும். ஹந்தாவுக்குத் தனி மருந்து இல்லை; ஆஸ்பத்திரிப் பராமரிப்புதான் உயிரைக் காக்கும். எலிக்காய்ச்சல் வைரஸ் அல்ல, வேறு வகைக் கிருமி. அதற்கு நல்ல மருந்து உண்டு, நேரத்தோடு போனால்! "குளிர் காய்ச்சல்தானே, நாளைக்குப் பெரட்டுக்குப் போகணும்" என்று பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய், "டாக்டர், நான் எலி நடமாடும் ஸ்டோரில் வேலை செய்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தை உங்கள் உயிரைக் காப்பாற்றலாம்.