விரல் நீள மீனும் இரண்டடித் தொட்டியும்

திருவனந்தபுரம் நகரின் ஊடே ஓடி ஆக்குளம் காயலை அடையும் ஆமயிழஞ்சான் தோட்டில், தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சக்கர் மீன்கள் பெருகி நிலைகொண்டுவிட்டதை 2015இல் வெளியான ஆய்வொன்று மரபணுச் சான்றுகளுடன் பதிவு செய்தது. தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று தீர்க்கும் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கப்படும் இம்மீன், ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. வளர்ந்தபின் வைத்துக்கொள்ள இடமில்லாத வீடுகளிலிருந்து நீர்நிலைகளுக்குப் போனவையே இவற்றின் முன்னோர் என்று கருதப்படுகிறது. காற்றை விழுங்கி, அதிலுள்ள ஆக்ஸிஜனை இரைப்பையின் வழியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் இதற்கு இருப்பதால், மற்ற மீன்கள் மூச்சுத் திணறி மடியும் சாக்கடை நீரும் இதற்குக் கெடுதல் செய்வதில்லை. உண்மையில் கண்ணாடிப் பாசியைத் துடைக்க ஒரு துண்டுப் பஞ்சு போதும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் வலையில் சிக்கிய அரபைமாவும் முதலை மூக்கு மீனும் இதே கதையின் பெரிய வடிவங்களாகும்.

இத்தகைய பிழைகளின் வேர், கடையில் நெகிழிப் பையில் நீந்தும் குஞ்சின் நீளத்தைக் கொண்டு தொட்டியை முடிவு செய்வதிலேயே இருக்கிறது. வளர்ந்து முடிந்த மீனின் நீளத்தை முதலில் கேட்டறிந்து, அதற்கேற்ற தொட்டிக்கு வீட்டில் இடமுண்டா என்று பார்த்த பிறகே மீனை வாங்குவது முறை.

தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். கடைகளில் மிகுதியாக விற்கப்படும் இரண்டடித் தொட்டி, அதாவது 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்டது, 54 லிட்டர் கொள்ளும். அடியில் பரப்பும் மணலுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் உண்மையான நீர் 45 லிட்டர் அளவிலேயே நிற்கும். ஓர் அங்குல மீனுக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் என்று பரவலாகச் சொல்லப்படும் விதி கப்பி, டெட்ரா போன்ற சிறு மீன்களுக்கு ஓரளவு பொருந்தினாலும் பெரிய மீன்களிடம் முற்றிலும் தோற்றுவிடுகிறது. ஏனெனில் ஒரு மீனின் நீளம் இருமடங்காகும்போது அதன் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது, தீனியும் கழிவும் நீளத்தைப் பின்பற்றாமல் எடையையே பின்பற்றி உயர்கின்றன. அந்த விதியை நம்பினால் ஓரடி வளரும் ஆஸ்கர் மீனை 48 லிட்டரில் வைக்கலாம் என்றாகும். அதில் அம்மீனால் உடலைத் திருப்பவே முடியாது.

கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் தொட்டியின் வடிவம் வேறுபாட்டை உண்டாக்கும். நீரில் ஆக்ஸிஜன் கரைவது பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகவே நிகழ்வதால், மேலே சொன்ன தொட்டி 1,800 சதுர செ.மீ. பரப்பைக் காற்றுக்குக் காட்ட, அதையே செங்குத்தாக நிறுத்தியது போன்ற ஒடுங்கிய தொட்டி அதில் பாதியையே காட்டுகிறது. வாய் குறுகிய கண்ணாடிக் குடுவையின் நிலை இன்னும் மோசம். திருவனந்தபுரத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 பாகையில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். கடலோர நகரின் வீடுகளில் தொட்டி நீர் ஆண்டின் பெரும்பகுதி இந்த 30 பாகைக்கு அருகிலேயே இருக்கும். ஆகவே இங்கு ஹீட்டர் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. குளிர்ந்த நீரை விரும்புவதும் கழிவு மிகுதியாக வெளியேற்றுவதுமான தங்கமீனை, பலரும் நினைப்பதற்கு மாறாக, இந்நகரில் தொடக்கக்காரருக்கு ஏற்ற மீனாகக் கொள்ள முடியாது.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சு உண்டாகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் வளரும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதைக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் நீர் நிறைத்த அன்றே பத்துப் பன்னிரண்டு மீன்களை விட்டால், அந்த வாரத்திலேயே அவை ஒவ்வொன்றாக மிதப்பதற்குக் காரணம் இதுவே. பழியோ பெரும்பாலும் கடைக்காரர் மீது விழுகிறது. பெரிய தொட்டியே தொடக்கக்காரருக்கு எளிது என்று அனுபவசாலிகள் சொல்வதும் இதனால்தான். நச்சு நூறு லிட்டரில் பரவி நீர்த்துப்போகும் வேகம் இருபது லிட்டரில் கிடைப்பதில்லை.

நீரின் தன்மையும் மீனைத் தீர்மானிக்கிறது. கரமனை ஆற்றின் அருவிக்கரையிலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்நீரில் குளோரின் கலந்திருப்பதால், அதை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து ஆறவிட்டோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்த்தோ ஊற்ற வேண்டும். செம்பூரான்கல் நிலத்தில் தோண்டிய கிணறுகளின் நீர் பெரும்பாலும் மென்மையானதாகவும் சற்று அமிலத்தன்மை கொண்டதாகவும் இருக்கும். இதில் அம்மோனியாவின் நச்சு குறைந்தாலும் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாகிவிடுகிறது. அமேசான் வகையான ஏஞ்சல் மீனுக்கு இந்நீர் இதமானது. கடின நீரை விரும்பும் மோலியும் கப்பியும் இதில் காலப்போக்கில் வாடக்கூடும்.

இரண்டடித் தொட்டிக்கு எட்டுப் பத்து வரிக்குதிரை மீன்களோ அதே அளவிலான வேறு சிறு மீன்களோ போதும். கூட்டமாக வாழும் இயல்புடைய இவற்றை ஜோடியாக வாங்கினால் மிரண்டு ஒதுங்கிவிடும். கப்பி வளர்ப்பவர் ஆண் மீன்களை மட்டும் வாங்குவது நல்லது. பெண் மீன் ஏறத்தாழ மாதம் ஒருமுறை இருபது முப்பது குஞ்சுகளை ஈன்று, போட்ட கணக்கை எல்லாம் தலைகீழாக்கிவிடும். ஃபைட்டர் மீனுக்கு இருபது லிட்டரும் தனிமையும் வேண்டும். காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால்தான் சிறு புட்டியிலும் சாகாமல் கிடக்கிறது, அதை நலம் என்று கொள்ளலாகாது. ஏஞ்சல் மீன் நீளத்தைவிட உயரத்தில் விரிவதால் ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி தேவைப்படும்.

உள்ளூர் மீன்களே உள்ளூர்த் தொட்டிக்கு ஏற்றவை என்ற எண்ணத்தை மிஸ் கேரளா மீன் ஓரளவு பொய்யாக்குகிறது. வடகேரளத்து மலையாறுகளில் வாழும் இச்செங்கோட்டு மீன் உலகச் சந்தையில் புகழ்பெற்றதால் மிகுதியாகப் பிடிக்கப்பட்டு, அழிவாபத்துள்ள உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 2008இல் கேரள அரசு அதைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பனங்காடு மீன்வளக் கல்லூரியில் அதைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறை உருவாக்கப்பட்டுள்ளது. ஆனால் அரை அடி வளர்ந்து கூட்டமாக விரைந்து நீந்தும் இதற்குக் குளிர்ந்த ஓடும் நீரும், குறைந்தது நான்கடித் தொட்டியும் வேண்டும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் கொண்ட தொட்டி, நீரும் கண்ணாடியும் மணலும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிலோ கனக்கும் என்பதால், மாடிவீட்டில் வைப்பவர் அதைச் சுவரோரத்தில், தெர்மாகோல் தகடு விரித்த வலுவான தாங்கியில் நிறுத்த வேண்டியிருக்கும். மாநில மீனான கரிமீனும் ஓரடியைத் தாண்டக்கூடியது. அதன் சிறிய உறவான, காயல்களில் எளிதில் கிடைக்கும் பள்ளத்தி எட்டு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும்; நகரின் வெப்பத்தையும், சற்றே உப்பேறிய கடலோரக் கிணற்று நீரையும் தாங்கும்; மூன்றடித் தொட்டியில் நான்கைந்து பள்ளத்திகள் முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காவல் காப்பதையும் பார்க்கலாம்.