கேமராவின் உள்வழிப் படம்

2009 இறுதியில் விற்பனைக்கு வந்த நோக்கியா என்900 கைபேசி, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மேமோ இயங்குதளத்தில் ஓடியது. அதன் ஓமாப் 3 சிப்புக்குள் படத்தைப் பதப்படுத்தவென்றே பல உறுப்புகள் இருந்தன. சென்சார் அனுப்பும் கச்சாத் தரவை வாங்குவது ஒன்று, அதை வண்ணப் படமாக்குவது ஒன்று, அளவை மாற்றுவது இன்னொன்று. வெளிச்சத்தையும் ஃபோகஸையும் கணிக்கப் புள்ளிவிவரம் திரட்டுபவை தனி. இவற்றை ஒரே வரிசையில்தான் கோக்க வேண்டும் என்றில்லை. கச்சாத் தரவை அப்படியே நினைவகத்தில் இறக்கலாம், வண்ணமாக்கியும் இறக்கலாம். ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் படத்தை எடுத்து அளவை மட்டும் மாற்றலாம்.

லினக்ஸிடம் அப்போது இருந்த ஏற்பாடு இதற்குப் போதவில்லை. 2002 முதல் கெர்னலில் இருந்துவரும் ‘வீடியோ ஃபார் லினக்ஸ் 2’, டிவி கார்டுகளையும் வெப்கேமராக்களையும் மனதில் வைத்து உருவானது. கேமராவுக்கு ஒரு கோப்பு; செயலி அதைத் திறந்து 640க்கு 480 அளவில் படம் கேட்கும்; படம் வரும். உள்ளே எது எதோடு இணைந்திருக்கிறது என்பது டிரைவருக்கு மட்டுமே தெரியும். எளிய கருவிக்கு இது அருமையான ஏற்பாடுதான். பல பாதைகள் பிரியும் சிப்பிலோ, எந்தப் பாதை வேண்டும் என்பதை டிரைவர் தானாக ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் பொருந்தாவிட்டால் செயலி எழுதுபவருக்கு வேறு வழியே இல்லை.

லோரான் பின்ஷார், சகாரி ஐலஸ் உள்ளிட்டோர் நோக்கியாவுக்காகச் செய்த வேலையிலிருந்து பிறந்தது ‘மீடியா கன்ட்ரோலர்’. 2011இல் வெளியான லினக்ஸ் 2.6.39இல், ஓமாப் 3 கேமரா டிரைவரோடு சேர்ந்தே அது கெர்னலுக்குள் வந்தது.

வன்பொருளின் அமைப்பை மறைக்காமல், உள்ளது உள்ளபடி வரைபடமாகக் காட்டிவிடுவதே அதன் வழி. ஒவ்வொரு உறுப்பும் வரைபடத்தில் ஒரு புள்ளி. அதற்குத் தரவு நுழையும் முனைகளும் வெளியேறும் முனைகளும் உண்டு. ஓர் உறுப்பின் வெளிமுனையிலிருந்து அடுத்ததன் உள்முனைக்கு ஓடும் கோடுதான் இணைப்பு. சில இணைப்புகள் சிப்பிலேயே பதிந்தவை, அவற்றை மாற்ற முடியாது. மற்றவை வாய்க்கால் மதகுகளைப் போல. எதைத் திறப்பது, எதை அடைப்பது என்பது செயலியின் பொறுப்பு.

படத்தின் அகலம், உயரம், பிக்சல் வகை ஆகியவற்றை முனைக்கு முனை தனித்தனியாகக் குறிக்க வேண்டும். படப்பிடிப்பு தொடங்கும் கணத்தில் கெர்னல் அந்தப் பாதை நெடுகச் சென்று, ஒவ்வோர் இணைப்பின் இரு முனைகளையும் ஒப்பிடுகிறது. ஓரிடத்தில் பொருந்தவில்லை என்றாலும் பிழைக்குறி தந்து தொடங்க மறுத்துவிடும், தானாகச் சரிசெய்யாது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதையிலுள்ள சாதாரண இணைப்புகளை மாற்றவும் விடாது. இந்தக் கண்டிப்பு அவசியமானது. டிரைவர் ஓசையின்றி எதையாவது மாற்றிவைத்தால், கெட்ட படம் எந்தக் கட்டத்தில் கெட்டது என்று தேடுவது பெரும்பாடு.

வரைபடத்தின் பயன் கேமராவோடு நிற்கவில்லை. அனலாக், டிஜிட்டல் இரண்டுக்கும் ஒரே டியூனரைப் பகிரும் டிவி கருவிகளில், ஒரு பக்கம் அதைப் பிடித்திருப்பது மறுபக்கத்துக்குத் தெரிய இது உதவியது. லினக்ஸின் ஒலிப் பகுதியோ வெகு முன்பே தனக்கென ஒரு வரைபடம் வைத்திருந்தது. ஒலி ஓடும் பாதையில் இல்லாத உறுப்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்கும் டிஏபிஎம் அதைக் கொண்டுதான் இயங்குகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. வழக்கம்போல் வீடியோ கோப்பைத் திறந்து படம் கேட்ட பழைய செயலிகளுக்கு, இப்படிப்பட்ட கருவிகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. யாராவது முதலில் இணைப்புகளைத் திறந்து, முனைகளை ஒழுங்குசெய்து, வெளிச்சத்தையும் நிறத்தையும் கணித்துச் சொல்ல வேண்டும். ‘மீடியா-சிடிஎல்’ என்ற கட்டளை வரைபடத்தை அச்சிட்டுக் காட்டும், இணைப்புகளை மாற்றவும் செய்யும். பொறியாளருக்கு அது போதும். வீடியோ அழைப்பில் பேச நினைப்பவருக்குப் போதாது. வரைபடத்தைத் திறந்து காட்டியது சரியான முடிவு. அதைப் படித்து வேலைசெய்யும் பொதுவான நிரலை உடனடியாகத் தராதது பெரிய குறை.

அந்தக் குறையைப் போக்க 2018 இறுதியில் அறிவிக்கப்பட்டது ‘லிப்கேமரா’. சிப் வகைக்கு ஒன்றாக எழுதப்பட்ட அதன் பகுதிகள் வரைபடத்தைப் படித்துப் பாதையை அமைக்கின்றன. செயலிக்கு மறுபடியும் ஒரே கேமராவாகக் காட்டுகின்றன. 2021 நவம்பரில் வந்த ராஸ்பெர்ரி பை இயங்குதளப் பதிப்பு இதற்கு மாறியது.

ஓர் இணைப்பில் ஒரே ஓட்டம்தான் என்ற பழைய கணக்கும் இப்போது மாறிவிட்டது. கார்களில் நான்கு கேமராக்களின் படங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே தடத்தில் சிப்பை அடைவதுண்டு. அவற்றை அடையாளம் கண்டு பிரித்தனுப்ப, உறுப்புக்குள்ளேயே வழிப்பட்டியல் எழுதும் வசதி 2023இல் கெர்னலில் சேர்ந்தது.