பட்டதாரியின் மென்பொருள் யாருக்காக?

பட்டமளிப்பு விழா முடிந்து வீடு திரும்பும் கணினித்துறைப் பட்டதாரி ஒருவரின் கையில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகம் வழங்கிய சான்றிதழ். மற்றையது, இறுதியாண்டில் அவர் உருவாக்கிய மென்பொருட் செயற்றிட்டம். நேர்முகப் பரீட்சையில் முதலாவதை ஒரு கணம் பார்த்துவிட்டு, இரண்டாவதைப் பற்றியே நீண்ட நேரம் கேட்பார்கள். ஆயினும், அந்தச் செயற்றிட்டம் யாருக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்விக்கு நம் இளைஞர்கள் பலரிடம் தெளிவான விடை இருப்பதில்லை.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் இந்தக் கரையோரத்திற்கு உயர்கல்வி எளிதில் வந்து சேரவில்லை. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பெருமுயற்சியினால் 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்ததே ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகிறது. இன்று தகவல் தொழில்நுட்பம் கற்க நம் பிள்ளைகள் ஊரைவிட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆனால், கற்ற கல்வி ஊரைத் திரும்பிப் பார்க்கிறதா என்பதை நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

மென்பொருள் ஆக்கத்தில் ‘பயனர் அனுபவம்’ என்ற சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. அமெரிக்க அறிவியலாளர் டொனால்ட் நோர்மன் 1990களின் தொடக்கத்தில் அப்பிள் நிறுவனத்தில் பணியாற்றியபோது இச்சொல்லைப் பரவலாக்கினார். திரை அழகாக இருக்கிறதா, நிறங்கள் கண்ணைக் கவர்கின்றனவா என்பது இதன் ஒரு சிறு பகுதி மாத்திரமே. ஒருவர் எந்த வேலைக்காக வந்தாரோ, அந்த வேலையைத் தடுமாற்றமின்றி முடித்துக்கொண்டு போகிறாரா என்பதே இதன் சாரம். ஒரு கருவியைப் பயன்படுத்தத் தெரியாமல் மனிதர் திகைத்து நிற்கும்போது, பெரும்பாலும் குற்றம் மனிதரிடம் இல்லை, கருவியின் அமைப்பிலேயே உள்ளது என்பது நோர்மன் வலியுறுத்திய கருத்து.

இதை நம் ஊர் வழக்கில் வைத்துப் பார்ப்போம். பல இணையப் படிவங்கள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரு கட்டங்களைக் காட்டுகின்றன. நம்மவர்களின் பெயரிலோ முன்னால் சில தலைப்பெழுத்துகள் நிற்கும். இறுதியில் வருவது பெரும்பாலும் அவரது சொந்தப் பெயர். குடும்பப் பெயர் என்ற ஒன்றே பலருக்கு இல்லை. எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். ‘முஹம்மத்’, ‘முகம்மது’, ‘மொஹமட்’ என்று ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டலில் பதிவாகும்போது, தேடினால் ஆள் அகப்படமாட்டார். தேசிய அடையாள அட்டை இலக்கமும் அவ்வாறே. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. 2016 முதல் வழங்கப்படுவதில் பன்னிரண்டு இலக்கங்கள். இவ்விரண்டில் ஒன்றை மாத்திரம் ஏற்கும் படிவம் வாப்பாவையோ மகனையோ வாசலிலேயே நிறுத்திவிடும்.

அடுத்தது மொழி. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியாகும். சட்டத்தில் கிடைத்த இடம் திரையில் தானாக வந்துவிடாது. பல்லாண்டுகளாக நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி போன்ற எழுத்துருக்களே கோலோச்சின. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும். 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த யுனிகோட் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆயினும் வடிவமைப்பாளரின் வேலை அத்துடன் முடியவில்லை. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் பொத்தானின் பெயர் தமிழில் பத்தெழுத்தாக நீளலாம். ஆங்கிலத்தை அளவாக வைத்து அமைத்த பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும். மேலும், அகராதியைப் பார்த்துப் பெயர்த்த சொல்லைவிட, கடையிலும் கந்தோரிலும் மக்கள் சொல்லும் சொல்லே பயனருக்கு விளங்கும்.

மக்களின் தேவையிலிருந்து மென்பொருள் பிறந்தால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி இக்கரையோரத்தை அழித்தது. நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. யார் எந்த முகாமில் இருக்கிறார், காணாமற்போனவர் எங்கே, எந்த இடத்திற்கு என்ன உதவி தேவை, அதை எந்த அமைப்பு கொண்டுசெல்கிறது என்ற கேள்விகளுக்கு விடை காண, இலங்கையின் கணினித் துறையினர் தொண்டர்களாகத் திரண்டு ‘சஹனா’ என்ற மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் இச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, தேவைகளின் பதிவேடு என்பனவே அதன் பகுதிகள். இவை ஒவ்வொன்றும் அழுகையோடு வந்த ஒரு கேள்விக்கான விடை. எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருளாக அது வெளியிடப்பட்டதால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் கைகொடுத்தது. சமூகப் பயனுக்காகச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டுக்கான விருதும் அதற்கே கிடைத்தது.

எல்லோரும் சஹனா போன்ற ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதல்ல நம் கருத்து. தேவை அருகிலேயே இருக்கிறது என்பதே அது தரும் பாடம். மருதமுனையில் நூலைக் கொடுத்துச் சாரனும் சேலையும் நெய்து வாங்கும் ஒரு கைத்தறி முதலாளியின் கணக்குக் கொப்பியை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு நூல் போனது, எத்தனை துணி வந்தது, கூலியில் முற்பணம் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் அதில் அவருக்கே உரிய முறையில் எழுதப்பட்டிருக்கும். ஒரு மாணவர் சில நாள்கள் அவருக்கருகே அமர்ந்து, அந்தக் கொப்பியை அவர் எப்படிப் புரட்டுகிறார், எதை முதலில் தேடுகிறார் என்று கவனித்தால், நூலகத்தில் கிடைக்காத பாடம் அங்கே கிடைக்கும். கரைவலைத் தோணியின் பங்குக் கணக்கும், சம்மாந்துறை வட்டையின் போகக் கணக்கும் இத்தகையவையே.

கவனித்தபின் ஒரு மாதிரியைச் செய்து, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் கையிலேயே கொடுக்க வேண்டும். இதற்குப் பெரும் பணமோ ஆய்வுகூடமோ தேவையில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டியல் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் விளக்கினார். சோதிக்கும்போது மாணவர் செய்ய வேண்டிய மிகக் கடினமான வேலை, வாய் மூடி இருப்பதுதான். “அதை அழுத்துங்கள்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் சோதனை அங்கேயே முடிந்துவிடும். எங்கே விரல் தயங்கியது, எந்தச் சொல்லில் கண் நின்றது, எப்போது அவர் கையடக்கத் தொலைபேசியை மகளிடம் நீட்டினார் என்பதைக் குறித்துக்கொண்டு, திருத்தி, மீண்டும் சோதிக்க வேண்டும். பிறருடைய பெயரையும் கணக்கையும் கையாளும்போது அவர்களது சம்மதம் பெறுவது அவசியம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள நிறுவனங்கள் ஆங்கிலத்தில்தானே வேலை செய்கின்றன, கைத்தறிக் கணக்கைக் காட்டினால் யார் மதிப்பார்கள் என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலம் இன்றியமையாதது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. செயற்றிட்ட அறிக்கையை நல்ல ஆங்கிலத்திலேயே எழுதட்டும். ஆனால், வெளிநாட்டு இணையக் கடை ஒன்றின் நகலை ஆயிரம் பேர் காட்டும் இடத்தில், “இவருடைய சிக்கல் இது, நான் முதலில் செய்தது தவறியது, இதனால் தவறியது, இவ்வாறு மாற்றினேன்” என்று சொல்லக்கூடிய ஒருவரே தனித்து நிற்பார். முடிந்த திரையின் படத்தைவிட, தவறிய முதல் மாதிரிக்கும் திருந்திய இறுதி மாதிரிக்கும் இடையிலான கதையே ஒருவருடைய சிந்தனைத் திறனைக் காட்டும். அக்கதைக்கு எந்த நாட்டிலும் மதிப்பு உண்டு.

இதில் மாணவர்களை மாத்திரம் குறை கூறுவது நீதியாகாது. செயற்றிட்டத்துக்குப் புள்ளி வழங்கும்போது, எத்தனை வசதிகள் உள்ளன என்று எண்ணுவதோடு, எத்தனை பேர் கையில் சோதிக்கப்பட்டது என்றும் விரிவுரையாளர்கள் கேட்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் தங்கள் அன்றாடச் சிக்கல்களை மாணவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். ஒரு கடைக்காரர் தம் கணக்குப் புத்தகத்தை ஒரு வாரம் பார்க்க அனுமதித்தால், அதுவும் கல்விக்குச் செய்யும் உதவியே.

நம் ஊர்ப் பட்டதாரி உருவாக்கிய ஒன்றை, எவரிடமும் கேட்காமல், தன் மொழியில், தன் கையாலேயே ஒரு மூத்தம்மா பயன்படுத்தி முடிக்கும் நாளே, கரையோரத்துக்கு வந்த பல்கலைக்கழகம் ஊருக்குள்ளும் வந்துவிட்ட நாளாகும்.