‘பப்ளிக்’ என்று போட்ட படத்துக்கு இரண்டாவது பூட்டு

2009 ஜனவரி 15. நியூயார்க் ஹட்சன் ஆற்றில் 155 பேருடன் ஒரு விமானம் இறங்கி மிதக்கிறது. அவர்களை ஏற்றிவரப் போன படகில் இருந்த ஒருவர் அதைத் தன் செல்பேசியில் படமெடுத்தார். ட்விட்பிக் என்ற தளத்தில் ஏற்றி, லிங்க்கை ட்விட்டரில் போட்டார். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் படம் திறந்தது. கணக்கு வேண்டியிருக்கவில்லை, கடவுச்சொல் வேண்டியிருக்கவில்லை.

இன்று அதே மாதிரி ஒரு படத்தை ஒரு பெண் இன்ஸ்டாகிராமில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிங்க் வாட்ஸ்அப் வழியாக ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு வருகிறது. அவருக்கு இன்ஸ்டாகிராமில் கணக்கு இல்லை. தட்டிப் பார்க்கிறார். படம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரிந்தாலும், அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற படங்களைப் பார்க்கக் கொஞ்சம் கீழே நகர்த்தினால், ‘கணக்கு தொடங்குங்கள்’ என்று ஒரு கட்டம் வந்து திரையை மறைத்துவிடும். படத்தைப் போட்டவர் ‘பப்ளிக்’ என்றுதான் வைத்திருக்கிறார். மறைப்பது நிறுவனம்.

சமூக ஊடகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்றின் சாவி படத்தைப் போட்டவரிடம் இருக்கிறது. மற்றதன் சாவி நிறுவனத்திடம். முதல் பூட்டைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இரண்டாவது பூட்டு பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சத்தமில்லாமல் இறுகிவந்திருக்கிறது.

எல்லோர் கண்ணிலும் பட்ட முதல் பூட்டல் 2012 டிசம்பரில் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்திருந்தது. அதுவரை இன்ஸ்டாகிராம் லிங்க்கை ட்விட்டரில் போட்டால் படம் அங்கேயே விரியும். டிசம்பரில் அதை இன்ஸ்டாகிராம் நிறுத்தியது; வெறும் லிங்க் மட்டும் மிஞ்சியது. பார்க்க வேண்டுமானால் எங்கள் வாசலுக்கு வா என்பதுதான் அதன் பொருள். ட்விட்டரில் அந்த முன்னோட்டப் படம் மறுபடி தெரிய 2021 நவம்பர் வரை, கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் ஆயின.

வலைப்பூ எழுதுகிறவர்களுக்கு அடுத்த அடி 2020 அக்டோபரில் விழுந்தது. வேர்ட்பிரஸ் பதிவில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் லிங்க்கை ஒட்டினாலே படம் வந்து உட்காரும் வசதி இருந்தது. மென்பொருள் உருவாக்குநராகப் பதிவு செய்து அனுமதிக் குறியீடு பெற்றால்தான் இனி அது கிடைக்கும் என்று ஃபேஸ்புக் விதித்தது. சமையல் குறிப்போ பயணக் கட்டுரையோ எழுதுகிற ஒருவர் இதற்காகவா உருவாக்குநராகப் பதிவு செய்துகொண்டிருப்பார்?

சரி, படக் கோப்பின் நேரடி முகவரியையே எடுத்துக் கொடுத்தால் என்ன? அங்கேயும் பூட்டு இருக்கிறது. ஃபேஸ்புக் படமொன்றின் முகவரியைப் பாருங்கள். வால்பகுதியில் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஏதோ தொங்கும். காலாவதி நேரமும், அந்த முகவரியை யாரும் திருத்தவில்லை என்பதற்கான மறைகுறியும் அதற்குள் இருக்கின்றன. நேரம் கடந்தால் முகவரி செத்துவிடும். படம் நிறுவனத்தின் கணினியில் பத்திரமாக இருக்கும், நீங்கள் கொடுத்த லிங்க் மட்டும் திறக்காது.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களைத் தட்டிக்கழித்துவிட முடியாது. கிளியர்வியூ ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் சமூக ஊடகங்களிலிருந்தும் பிற இணையதளங்களிலிருந்தும் 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை யாரிடமும் கேட்காமல் அள்ளி, முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் கருவியைக் காவல் துறைகளுக்கு விற்றுவந்தது. 2020 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளிக்கொண்டுவந்தது. 2024-இல் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 3.05 கோடி யூரோ அபராதம் விதித்தது. திறந்து கிடக்கும் படங்களை இயந்திரங்கள் கூடை கூடையாக அள்ளிப்போகும் என்ற அச்சம் உண்மையானதுதான்.

ட்விட்டர் 2023 ஜூன் 30 அன்று கணக்கில்லாதவர்களுக்குக் கதவைச் சாத்தியபோது, இதே அள்ளலைத்தான் அதன் உரிமையாளர் எலான் மஸ்க் காரணமாகச் சொன்னார். மறுநாள் கணக்குள்ளவர்களுக்கும் அளவு வைத்தார்: கட்டணம் செலுத்தாதவர்கள் ஒரு நாளைக்கு 600 பதிவுகள், புதிதாகச் சேர்ந்தவர்கள் 300. சில நாள்களில் தனிப் பதிவுகள் மட்டும் திறந்துவிடப்பட்டன.

ஆனால் காசுக் கணக்கும் இதில் இருக்கிறது. கணக்கில்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் யார், எதை விரும்புகிறார் என்பது நிறுவனத்துக்குச் சரியாகத் தெரியாது. அவரைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவது கடினம். உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாம் பதிவாகும். 2024 ஜனவரியில் வந்த ஒரு தீர்ப்பு இன்னொரு காரணத்தையும் சேர்த்தது. பிரைட் டேட்டா என்ற தரவு நிறுவனத்தின் மேல், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா தொடுத்த வழக்கில், கணக்குக்குள் நுழையாமலே தெரியும் தகவலைத் திரட்டுவதை மெட்டாவின் விதிமுறைகள் தடுக்கவில்லை என்று கலிஃபோர்னியா நீதிமன்றம் சொன்னது. வெளியே தெரிவதைக் குறைக்க நிறுவனங்களுக்கு இதைவிடத் தெளிவான தூண்டுதல் வேண்டியதில்லை.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. சித்தப்பாவுக்குத் திறக்காத படம் நிறுவனத்தின் சொந்த இயந்திரத்துக்குத் திறக்கிறது. பெரியவர்கள் 2007 முதல் பப்ளிக்காகப் போட்ட படங்களும் பதிவுகளும் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க எடுக்கப்படுவதை, 2024 செப்டம்பரில் ஆஸ்திரேலிய செனட் விசாரணையில் மெட்டாவின் அதிகாரி ஒப்புக்கொண்டார். ஐரோப்பியர்கள் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. ஆஸ்திரேலியர்களுக்கு அது இல்லை என்பதும் அங்கே தெரியவந்தது. அப்புறம் 2025 ஜூலையில், பெரியவர்கள் நடத்தும் தொழில்முறைக் கணக்குகளின் பப்ளிக் படங்களைக் கூகுள் தேடலில் காட்ட இன்ஸ்டாகிராம் வழிவிட்டது. ஆக, பூட்டுவதும் திறப்பதும் நிறுவனத்தின் தேவையைப் பொறுத்தது. படத்தைப் போட்டவரின் விருப்பம் அந்தக் கணக்கில் பின்னால்தான் நிற்கிறது.

நம் சட்டம் துணை நிற்குமா? 2023-இல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தம் தரவுக்குப் பொருந்தாது. சமூக ஊடகத்தில் எழுதுகிற ஒருவரையே அந்தச் சட்டப் பிரிவு உதாரணமாகக் காட்டுகிறது. ‘பப்ளிக்’ என்ற பொத்தானை அழுத்தியதுமே அந்தச் சட்டத்தின் குடைக்கு வெளியே போய்விடுகிறோம்.

முதல் பூட்டை நான் குறை சொல்லவில்லை. இந்தியப் பெண்கள் பலர் தங்கள் முகம் தெரியும்படி படம் போடவே அஞ்சியதால்தான், ஃபேஸ்புக் 2017-இல் முகப்புப் படத்தைத் தரவிறக்க முடியாதபடி காக்கும் நீலக் கேடயத்தை முதலில் இங்கே கொண்டுவந்தது. 2020-இல் பக்கம் முழுவதையும் பூட்டும் வசதியும் வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் இன்ஸ்டாகிராம் கணக்குகளை இயல்பாகவே பூட்டிவைக்கும் ஏற்பாடு 2025-இல் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. இவையெல்லாம் நல்லவை. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியவை.

இரண்டாவது பூட்டு எவ்வளவு கொடியதாக முடியும் என்பதற்கு ஃபோட்டோபக்கெட் கதை போதும். அந்தத் தளத்தில் படங்களை இலவசமாகச் சேமித்து, வேறு இணையப் பக்கங்களில் காட்டிவந்தவர்களிடம் 2017-இல் திடீரென்று ஆண்டுக்கு 399.99 டாலர் கேட்டார்கள். அன்றைய மதிப்பில் 25,000 ரூபாய்க்கும் மேல். கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடமெல்லாம் ‘கணக்கைப் புதுப்பியுங்கள்’ என்ற அறிவிப்புப் படம் வந்து நின்றது. இயந்திரம் பழுதுபார்ப்பதைப் படிப்படியாக விளக்கிய பக்கங்களில் விளக்கம் இருந்தது, படம் இல்லை. எதிர்ப்பு வலுத்து மறு ஆண்டு பின்வாங்கினார்கள். ஹட்சன் படத்தைத் தாங்கிய ட்விட்பிக்கும் 2014-இல் மூடப்படவிருந்தது. மூடுவதாகச் சொன்ன அக்டோபர் 25 அன்றுதான் அதன் படக் களஞ்சியத்தை ட்விட்டர் ஏற்றுக்கொண்டது. ஒரு நாள் தவறியிருந்தால் கோடிக்கணக்கான படங்களுக்கு என்ன கதியோ.

வீட்டுப் படங்களுக்கு வழி எளிது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் உங்கள் தகவல் முழுவதையும் தரவிறக்கிக்கொள்ளும் வசதி அமைப்புகள் பகுதியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துத் தனி வன்தட்டில் வையுங்கள். ஊர்த் தேர், கண்மாய், பழைய கல்வெட்டு என்று எல்லோருக்கும் பயன்படும் படங்களை விக்கிமீடியா காமன்சிலும் ஏற்றுங்கள். அங்கே பார்க்கவும் எடுக்கவும் கணக்கு வேண்டாம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிடமும் மாநகராட்சிகளிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மழை எச்சரிக்கை, பள்ளி விடுமுறை, நிவாரண முகாம் பட்டியல் எல்லாவற்றையும் படமாக்கி எக்ஸ் தளத்திலும் (பழைய ட்விட்டர்) ஃபேஸ்புக்கிலும் போடுகிறீர்கள். கணக்கில்லாதவர் உங்கள் எக்ஸ் பக்கத்துக்குப் போனால் இன்றைய பதிவு மேலே தெரியும் என்ற உறுதி இல்லை. பழைய பதிவுகள் முன்னால் நிற்கலாம். வெள்ளம் வந்த இரவில் ஒருவர் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டு உட்கார முடியாது. அதே அறிவிப்பை, அதே நேரத்தில், எழுத்து வடிவில் உங்கள் சொந்த இணையதளத்தின் முதல் பக்கத்திலும் போடுங்கள்.