உப்பில்லாக் கறியும் மர்ஜானாவின் மதியும்



அலாவுதீனையும் அலிபாபாவையும் அறியாத பிள்ளை நம் வீடுகளில் உண்டா? ஆனால், அவர்களை நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தது யார்? நாமா, சினிமாவா?

இந்தியா, பாரசீகம், பக்தாத், கெய்ரோ எனப் பல இடத்துக் கதைகள் அரபு மொழியில் ஒன்றுசேர்ந்ததே ‘ஆயிரத்தொரு இரவுகள்’. அதை 1704 முதல் பிரெஞ்சில் வெளியிட்டவர் அந்துவான் காலான். அலாவுதீன், அலிபாபா கதைகள் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. 1709இல் பாரிஸில், அலெப்போ நகரத்து இளைஞர் ஹன்னா தியாப் சொல்லக் கேட்டே காலான் அவற்றைத் தம் நூலில் சேர்த்தார். அலாவுதீன் கதை நடப்பதாகச் சொல்லப்படும் நாடோ சீனா!

பின்னர் இக்கதைகள் வெள்ளித்திரைக்கு வந்தன. எம்.ஜி.ஆர். நடித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் தமிழில் வெளியானது. 1992இல் டிஸ்னி நிறுவனத்தின் ‘அலாதீன்’ கார்ட்டூன் படம் உலகெங்கும் ஓடியது. முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் தேசம் என்று அரபு நாட்டை வருணித்தது அதன் தொடக்கப் பாடல். அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் கண்டித்தார்கள். 1993இல் வெளியான வீடியோவில் அந்த வரி மாற்றப்பட்டது. நாட்டையே காட்டுமிராண்டித்தனமானது என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது. 2019இல் வந்த புதிய படத்திலேதான் அது நீங்கியது.

பாட்டின் ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை போராட்டம் என்கிறீர்களா? சிறு வயதில் மனதில் பதிந்த சித்திரம் இலேசில் அழியாது. அரபி என்றால் வாளேந்திய கொடியவன், அரபுப் பெண் என்றால் ஆடுகிறவள் என்று நம் பிள்ளையே நம்பிவிட்டால்?

கதைக்குள் இருக்கும் பெண்ணைப் பாருங்கள். மர்ஜானா அலிபாபா வீட்டு அடிமைப் பெண். திருடன் தன் எஜமானின் கதவில் அடையாளமிட்டதைக் கண்டதும், அயல்வீட்டுக் கதவுகளிலும் அதே அடையாளத்தை இட்டுவிடுகிறாள். திருடர் தலைவன் விருந்தாளி வேடத்தில் வந்து, உப்பில்லாமல் கறி சமைக்கச் சொல்கிறான். உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்பது நாமும் அறிந்த வழக்கமல்லவா? உப்பை மறுப்பவன் துரோகம் செய்ய வந்தவன் என்று அவள் கண்டுபிடித்தாள். குடும்பம் தப்பியது. ஷஹ்ரஸாதும் அப்படித்தான். நூல்கள் பல கற்ற அவள், வாளால் அல்ல, சொல்லால் மன்னனின் கொலை வெறியைத் தணித்தாள்.

எல்லாக் கதைகளும் பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல. தேர்ந்தெடுத்து, இரவில் அவர்களைப் பக்கத்தில் கிடத்தி நீங்களே சொல்லுங்கள். விளக்கைத் தேய்த்தால் எதுவும் கிடைக்காது, கேட்க வேண்டியது அல்லாஹ்விடம் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உம்மா சொன்ன கதை மனதில் இருந்தால், திரை காட்டும் பொய் அங்கே குடியேறாது.